நாத்திகர்களுக்கான திரைப்பட விழாவில் என்ன படம் போடுவது?

நீங்கள் கேட்டது இது: கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் மதச்சார்பற்றவர்களுக்குமாக மூன்று நாள் திரைப்பட விழா நடத்தப் போகிறீர்கள். முப்பது நாத்திகப் படங்களின் பட்டியல் வேண்டும். 'பிரச்சாரம்' என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்க ஒரு வழியும் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல்தான் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது வேறு என்று தோன்றுகிறது. ஏற்கெனவே ஒத்த கருத்துள்ள இருநூறு பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லும் படங்களைக் காட்டினால் யாருக்கு என்ன கிடைக்கும்? அந்தச் சந்தேகம் உங்களுக்கே இருப்பதால்தான் பிரச்சாரம் என்ற சொல் உங்கள் கேள்வியில் வந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். படங்களின் பெயர்கள் போகிற போக்கில் வரும். முப்பது வராது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஃபிலிம் சொசைட்டிகளில் படம் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வழக்கறிஞன் அல்ல; அதனால் கீழே சட்டம் பற்றிச் சொல்வதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆலோசனையாக அல்ல.

முதல் முறை இப்படி ஒரு விழாவில் நான் கைவைத்தபோது நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் செய்தேன். ஒரே நாளில் மூன்று ஆவணப்படங்கள். மூன்றும் மதத்தைக் கிழிகிழியென்று கிழிப்பவை. முதல் படத்துக்கு அரங்கு நிறைந்து கைதட்டல். இரண்டாவதில் கைதட்டல் அதே இடங்களில் வந்தது, ஆனால் சுருதி குறைந்திருந்தது. மூன்றாவது ஓடும்போது பாதிப் பேர் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி, கடுமையான ஒரு மதக் குழுவிலிருந்து வெளியேறி வந்தவர், என்னிடம் சொன்னார்: "நான் சினிமா பார்க்க வந்தேன் சார். நீங்க எனக்கு எதிர்ப்பக்கத்துப் பிரசங்கம் போட்டுக் காட்டினீங்க." அந்த ஒரு வரிக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: 'நாத்திகப் படம்' என்று ஒரு வகை சினிமாவில் கிடையாது. அந்தப் பெயரில் நாம் கட்டுகிற மூட்டைக்குள் மூன்று நான்கு வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் படங்கள் மிகக் குறைவு. மத நிறுவனத்தையும் பூசாரியையும் போதகரையும் எதிர்க்கும் படங்கள் ஏராளம். ஆனால் அவற்றில் பல, உண்மையான பக்தியைக் காப்பாற்றத்தான் அப்படி எதிர்க்கின்றன. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் 1952-இல் வந்த 'பராசக்தி'. பகுத்தறிவுப் படம் என்றே அது பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் அதன் நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் வாதாடுவது கோயிலே கூடாது என்று அல்ல, கோயில் கொடியவர்களின் கையில் இருக்கக் கூடாது என்றுதான். இந்தியில் 2012-இல் வந்த 'ஓ மை காட்' இன்னும் வேடிக்கை. கடவுள் மேல் வழக்குப் போடும் ஒரு நாத்திக வியாபாரியின் கதை அது. அவருக்கு உதவி செய்ய வருபவர் சாட்சாத் கிருஷ்ணரேதான். இரண்டுமே உங்கள் விழாவில் இடம்பெறத் தகுந்தவை. ஆனால் 'நாத்திகப் படம்' என்ற சீட்டை ஒட்டினால், கொஞ்சம் கூர்ந்து பார்க்கிற பார்வையாளர் முதல் கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடுவார்.

மூன்றாவது சரக்கு சந்தேகத்தின் படங்கள். நான்காவது, மதச்சார்பின்மை பற்றியவை, அதாவது அரசும் மதமும் எங்கே பிரிய வேண்டும் என்பது பற்றியவை. இந்த நான்காவதை நாத்திகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்ல பக்தர் ஒருவர் மதச்சார்பின்மையை உயிராக நினைக்கலாம். நாத்திகர் ஒருவர் அடுத்தவரின் வழிபாட்டு உரிமையைக் காலில் போட்டு மிதிக்கலாம். வரலாற்றில் இரண்டும் நடந்திருக்கின்றன. விழாவுக்குப் பெயர் வைக்கும்போதே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் நாத்திகத் திரைப்பட விழா என்ற பெயரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. பெயரில் ஒளிவுமறைவு இல்லை, யார் வருவார்கள் என்பதும் தெரியும். நீங்கள் 'மதச்சார்பற்ற' என்பதையும் சேர்த்துப் போட்டால், நம்பிக்கையுள்ள ஒருவர் உள்ளே வந்து உட்காரவும் அந்த அரங்கில் இடம் இருக்க வேண்டும்.

அப்புறம், இயக்குநரின் நம்பிக்கையை வைத்துப் படத்தை எடைபோடுவது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சினிமா நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 முக்கியமான படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மதம், விழுமியங்கள், கலை என்று மூன்று பிரிவு, பிரிவுக்குப் பதினைந்து படம். மதப் பிரிவில் லூயி புனுவலின் 'நசாரின்' இருக்கிறது. தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர் புனுவல். அவருடைய 'விரிடியானா' 1961-இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டபோது வத்திக்கானின் நாளிதழே அதைக் கண்டித்தது. ஸ்பெயினில் 1977 வரை அது திரைக்கு வர முடியவில்லை. அதே பட்டியலில் பசோலினியின் 'மத்தேயு எழுதிய சுவிசேஷம்' படமும் இருக்கிறது. பசோலினி மார்க்சியர், நம்பிக்கையற்றவர். 1963-இல் மதத்தை அவமதித்ததாக இத்தாலிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். அடுத்த ஆண்டே இந்தப் படத்தை எடுத்து, மறைந்த போப் இருபத்து மூன்றாம் ஜானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது.

மறுபக்கம் பாருங்கள். கிறிஸ்துவைப் பற்றிய படங்களில் மிகப் பெரிய கலவரத்தைச் சந்தித்தவற்றுள் ஒன்று 1988-இல் வந்த 'தி லாஸ்ட் டெம்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்'. பாரிஸில் அது ஓடிய ஒரு திரையரங்குக்குத் தீவைத்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அதை எடுத்த ஸ்கார்செஸி ஒருகாலத்தில் பாதிரியாராக விரும்பிய கத்தோலிக்கர். நம்பிக்கையில்லாதவர் எடுத்த படத்தைத் திருச்சபை ஏற்கிறது, நம்பிக்கையாளர் எடுத்த படத்துக்குத் தீ. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'யார் எடுத்தது, என்ன முடிவு சொல்கிறது' என்ற இரண்டு கேள்வியையும் நான் விட்டுவிட்டேன். என் தேர்வுக்கு இப்போது ஒரே கேள்விதான்: இந்தப் படம் என் பார்வையாளரைத் தொந்தரவு செய்யுமா? பக்தரை அல்ல. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாத்திகரை.

உதாரணத்துக்கு பெர்க்மனின் 'வின்டர் லைட்'. 1963-இல் வந்தது, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. விசுவாசத்தை இழந்துவிட்ட ஒரு போதகர். அணுகுண்டு பயத்தில் வாழப் பிடிக்காமல் போன ஒரு மீனவரை, ஆறுதல் தேடி அவரிடம் அழைத்து வருகிறார்கள். போதகர் ஆறுதல் சொல்லத் தொடங்கி, தன் சந்தேகங்களையே கொட்டித் தீர்த்துவிடுகிறார். கடவுள் இல்லை என்றால் எல்லாமே புரிகிற மாதிரி ஆகிவிடும், அது ஒரு நிம்மதி என்கிற அளவுக்குப் போகிறார். மீனவர் வெளியே போய் உயிரை மாய்த்துக்கொள்கிறார். இதை நாத்திக அரங்கில் போட்டுப் பாருங்கள். கைதட்ட ஓர் இடமும் இருக்காது. போதகர் சொன்னதெல்லாம் நாம் நாள்தோறும் சொல்வதுதான். ஆனால் அந்த மனிதனிடம் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் இதைத் திரையிட்ட ஒரு மாலையில், படம் முடிந்து ஐந்து நிமிடம் யாரும் மைக்கைத் தொடவில்லை. பிறகு ஆரம்பித்த பேச்சு அரங்கைப் பூட்டும்வரை நிற்கவில்லை. (ஒரு சின்ன எச்சரிக்கை: இதை இரவுக் கடைசிக் காட்சியாகப் போடாதீர்கள். பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போகும் படமல்ல. தற்கொலை பற்றிய குறிப்பையும் நிகழ்ச்சிநிரலில் முன்கூட்டியே போடுங்கள்.)

சத்யஜித் ராயின் 'தேவி'யும் இப்படித்தான். 1960-இல் வந்தது. மருமகள்தான் காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு காண்கிறார். அந்தப் பெண்ணைப் பீடத்தில் உட்கார வைத்துப் பூஜை தொடங்கிவிடுகிறது. நோயாளிக் குழந்தை ஒன்று பிழைத்துக்கொள்ள, கூட்டம் பெருகுகிறது. மூடநம்பிக்கையின் கேடு என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடலாம், முதல் முறை நானும் அப்படித்தான் அறிமுகக் குறிப்பு எழுதினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. படத்தின் உயிர் வேறு காட்சியில் இருக்கிறது. படித்த கணவன் இரவோடிரவாக அவளை அழைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறான். ஆற்றங்கரைவரை வந்தவள் நின்றுவிடுகிறாள். ஒருவேளை நான் நிஜமாகவே தேவியாக இருந்தால்? அந்தத் தயக்கத்தை எந்தத் தர்க்கத்தால் உடைப்பீர்கள்? கணவனிடம் சரியான பதில்கள் எல்லாம் இருக்கின்றன, அவளிடம் அவை போய்ச் சேரவில்லை. வாதத்தில் ஜெயித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் கூட்டத்தில் நிறைய. அவர்களுக்காகவே இந்தப் படத்தைப் போட வேண்டும்.

சிரிக்கவும் வைக்க வேண்டும், மூன்று நாளும் பெர்க்மன் என்றால் நானே வரமாட்டேன். மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' 1979-இல் வந்தது. இயேசு காலத்தில் வாழும் பிரையன் என்ற சாமானியனைக் கூட்டம் மீட்பர் என்று எடுத்துக்கொள்கிற கதை. பணம் போடுவதாக இருந்த நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்க, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் இதற்காகவே ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கிப் படத்தைக் காப்பாற்றினார். நார்வேயில் தடை. அந்தத் தடையையே பக்கத்து நாடான ஸ்வீடனில் விளம்பர வாசகமாக்கிவிட்டார்கள். அயர்லாந்தில் 1987 வரை தடை நீடித்தது. இவ்வளவுக்கும் படம் கேலி செய்வது இயேசுவை அல்ல. அவர் தனிப் பாத்திரமாக, மரியாதையாகவே வந்து போகிறார். கேலி, தலைவன் கிடைக்காதா என்று அலையும் கூட்டத்தை. கழன்று விழுந்த செருப்பை வைத்து ஒரு பிரிவும், சுரைக்குடுவையை வைத்து இன்னொரு பிரிவும் உருவாகிற காட்சியைப் பார்த்து நாத்திகர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அதே படத்தில் ரோமானியர்களை எதிர்க்கும் புரட்சிக் குழுக்கள், பெயரில் சொல் வரிசை மாறிய ஒரே காரணத்துக்காக ஒருவரையொருவர் வெறுப்பதும் இருக்கிறது. எந்தப் பகுத்தறிவு அமைப்பிலாவது இரண்டு வருடம் உறுப்பினராக இருந்தவர்கள் அந்தக் காட்சியில் சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். கவனித்துப் பாருங்கள்.

இப்போது ஆவணப்படங்களுக்கும் வரலாற்றுப் படங்களுக்கும் வருகிறேன். இங்கே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆதாரம் கேட்பவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் நமக்குச் சாதகமான படத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். 2007-இல் இணையத்தில் பரவிய 'ஸைட்கைஸ்ட்' படத்தின் முதல் பகுதி, ஹோரஸ் என்ற எகிப்தியக் கடவுள் டிசம்பர் 25-இல் கன்னிக்குப் பிறந்தார், சிலுவையில் அறையப்பட்டார் என்றெல்லாம் அடுக்குகிறது. பண்டைய எகிப்திய மூலங்களில் அப்படி எதுவும் இல்லை. இதைத் திரையிடச் சொல்லி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். போடமாட்டேன் என்று சொல்லி நண்பர்களை இழந்ததும் உண்டு.

வரலாற்றுப் படங்களின் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை, ஆனால் குறிப்பு இல்லாமல் போடக் கூடாது. 1960-இல் ஸ்டான்லி கிராமர் எடுத்த 'இன்ஹெரிட் தி விண்ட்' அற்புதமான நீதிமன்ற நாடகம். பரிணாமக் கொள்கையைப் பாடமாக நடத்தியதற்காக 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது நடந்த வழக்குதான் அடிப்படை. படத்தில் ஊரே அந்த ஆசிரியரை வெறுக்கிறது, சிறையில் அடைக்கிறது. உண்மையில் ஸ்கோப்ஸ் சிறைக்குப் போகவே இல்லை. சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவும் ஊருக்குப் பெயர் கிடைக்கவும் உள்ளூர்க்காரர்கள் சிலரே பேசிவைத்து வழக்கைக் கொண்டுவந்தார்கள். நூறு டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, அதையும் 1927-இல் மேல் நீதிமன்றம் நடைமுறைக் கோளாறைக் காட்டி ரத்து செய்தது. ஆசிரியருக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், படத்தில் காட்டுவதுபோல நீதிமன்றத்திலேயே விழுந்து இறக்கவில்லை. தீர்ப்புக்கு ஐந்து நாள் கழித்துத்தான் இறந்தார். மூல நாடகத்தை எழுதியவர்களின் உண்மையான குறி, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை 1950-களில் அமெரிக்காவில் துரத்திய மெக்கார்த்தி காலத்துக் கருத்து வேட்டை. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால் படத்தின் மதிப்பு குறையாது. பார்வையாளருக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும்.

'அகோரா'வும் அதே கதை. 2009-இல் வந்தது, அலெக்சாந்திரியாவின் ஹைபேஷியா பற்றியது. அவர் கணிதமும் தத்துவமும் கற்பித்தவர் என்பதும், கி.பி. 415-இல் ஒரு கிறிஸ்தவக் கும்பல் அவரைக் கொன்றது என்பதும் உறுதி. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று அவர் கண்டுபிடித்ததாகப் படம் காட்டுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை; அது கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விஷயம். கொலைக்குக் காரணம் அறிவியல் மேல் இருந்த வெறுப்பா, ஆளுநருக்கும் ஆயருக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் அவர் ஆளுநர் பக்கம் இருந்ததா என்பதில், பின்னதையே பெரும்பாலான வரலாற்றாளர்கள் முன்வைக்கிறார்கள். உறுதியானது எது, கதையாகச் சேர்த்தது எது என்பதை மேடையில் நின்று நாமே சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பாளர் வந்து சொன்ன பிறகு சொன்னால் அது சமாளிப்பு.

ஆவணப்படங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 'மார்ஜோ'. 1972-இல் வந்து ஆஸ்கர் வாங்கியது. நான்கு வயதிலிருந்து பிரசங்கம் செய்யப் பழக்கப்பட்ட மார்ஜோ கார்ட்னர், வளர்ந்த பின் நம்பிக்கையே இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார். தன் கடைசிப் பிரசங்கப் பயணத்தைப் படமெடுக்க விடுகிறார். எங்கே குரலை உயர்த்துவது, எப்போது காணிக்கைப் பையைச் சுற்ற விடுவது என்று கேமரா முன் உட்கார்ந்து விளக்குகிறார். ஏமாற்று வேலை அம்பலமாகிறது, சரி. ஆனால் பிரசங்கக் கூடாரத்துக்குள் ஆடிப் பாடுகிறவர்களின் சந்தோஷம் பொய்யாகத் தெரியாது. கார்ட்னரும் அந்த மேடையை ரசித்துத்தான் செய்கிறார். 2011-இல் வந்த 'குமாரே'வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயக்குநரே போலிச் சாமியாராக வேஷம் போட்டுச் சீடர்களைச் சேர்க்கிறார். சிலருடைய வாழ்க்கை நிஜமாகவே சீராகிறது. கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வருகிறது. அந்த மனிதர்களின் ஒப்புதல் இல்லாமல் அவர்களை வைத்துச் சோதனை செய்தது சரியா என்று கேட்டால் அரங்கு இரண்டாகப் பிளக்கும். எனக்கு இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் தேநீர் இடைவேளை மட்டும் விடுங்கள்.

மதச்சார்பின்மை என்ற பாதிக்கு இரண்டு படம் போதும். ஸிஸாக்கோவின் 'திம்புக்து', 2014. ஆயுதம் ஏந்திய ஜிகாதிகள் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு இசையையும் கால்பந்தையும் தடைசெய்கிறார்கள். பையன்கள் பந்தே இல்லாமல் பந்து விளையாடும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பவர் அந்த ஊரின் இமாம். செருப்புக் காலோடும் துப்பாக்கியோடும் பள்ளிவாசலுக்குள் வந்தவர்களை அவர்தான் தடுத்து, அமைதியாகப் பேசி வெளியே அனுப்புகிறார். வெறியர்களுக்கு எதிரான மிகச் சிறந்த வாதத்தை இந்தப் படத்தில் வைப்பவர் ஒரு பக்தர். மற்றது தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்திரேய் ரூப்ளேவ்'. தேவாலய ஓவியம் தீட்டும் துறவியைப் பற்றிய படம், 1966-இல் முடிந்தது. நாத்திகத்தை அரசுக் கொள்கையாக வைத்திருந்த சோவியத் நாட்டில் ஐந்து வருடம் முடக்கி வைத்து, 1971-இல்தான் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். தடை என்பது கோயில்கள் மட்டும் செய்யும் வேலை இல்லை என்பதை நம் ஆட்கள் இந்தப் படத்தின் முன் உட்கார்ந்து யோசிக்கட்டும். இதுவும் அந்த வத்திக்கான் பட்டியலில் உள்ள படம்தான்.

சட்டம். இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். உங்கள் ஊர் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு போஸ்டரும் ஒட்டாதீர்கள். ஏன் போஸ்டர் என்று சொல்கிறேன் என்றால், இன்ஸ்ப்ரூக் நகரத்தில் நடந்த ஒரு வழக்கு. ஆஸ்திரியாவின் அந்த ஊரில் ஒரு தனியார் சங்கம், நம் ஃபிலிம் சொசைட்டி மாதிரி ஒன்று, 1985 மே மாதம் கடவுளையும் இயேசுவையும் கேலி செய்யும் வெர்னர் ஷ்ரோட்டரின் 'தாஸ் லீபெஸ்கான்சீல்' படத்தை ஆறு காட்சி போட அறிவித்தது. கட்டணம் உண்டு, பதினேழு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முதல் காட்சிக்கு முந்தின நாளே படச்சுருளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1994-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சங்கம் தோற்றது. விருப்பப்பட்டவர்கள்தானே காசு கொடுத்து வந்து பார்க்கிறார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. படத்தின் உள்ளடக்கம் என்ன என்று ஊருக்கே தெரியும்படி விளம்பரம் செய்திருந்ததால், புண்படுத்தும் அளவுக்கு அது பொது நிகழ்ச்சியாகிவிட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு. நாம் கற்க வேண்டியது, அறிவிப்பில் எழுதும் வாசகமும் வழக்கில் சாட்சியாகும் என்பது.

காற்று எதிர்த்திசையில் வீசிய காலமும் உண்டு. ரோசலினியின் 'தி மிராக்கிள்' என்ற நாற்பது நிமிடப் படத்தை 'புனிதத்தைக் கெடுக்கிறது' என்று நியூயார்க் மாநிலம் தடுத்தது. 1952-இல், நம் பராசக்தி வந்த அதே வருடம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஒருமனதாக நீக்கி, திரைப்படத்துக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. பிரிட்டனில் 'விஷன்ஸ் ஆஃப் எக்ஸ்டஸி' என்ற குறும்படத்துக்கு 1989-இல் மத நிந்தனையைக் காரணம் காட்டிச் சான்றிதழ் மறுத்தார்கள். 2008-இல் இங்கிலாந்தில் அந்தக் குற்றமே சட்டத்திலிருந்து நீக்கப்பட, 2012-இல் வெட்டே இல்லாமல் சான்றிதழ் கிடைத்தது.

நடைமுறை விஷயங்களில் ஒன்றுதான் எல்லாரையும் கவிழ்ப்பது: திரையிடல் உரிமை. டிவிடி வாங்கியிருப்பதோ ஓடிடி சந்தா கட்டியிருப்பதோ பொது இடத்தில் போட்டுக்காட்டும் உரிமையைத் தராது. இலவசக் காட்சி என்றாலும், லாப நோக்கம் இல்லை என்றாலும் அதே நிலைதான். உரிமை வைத்திருக்கும் விநியோகஸ்தரைத் தேடிப்பிடித்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நாலைந்து மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள், சில பழைய படங்களுக்கு உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு நாள் ஆகும். நூறு வருடப் பழைய மௌனப் படம் என்றால் உரிமை காலாவதியாகியிருக்கலாம். ஆனால் புதிதாகச் சீரமைத்த பிரதிக்கும் அதோடு சேர்த்த இசைக்கும் தனி உரிமை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். டிசிபி என்ற, திரையரங்குக்கான டிஜிட்டல் வடிவத்தில் பூட்டுப் போட்டுப் படம் வந்தால் அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட நாளுக்கும் நேரத்துக்கும்தான் செல்லும். முந்தின நாளே ஆபரேட்டரோடு உட்கார்ந்து சப்டைட்டில் உட்பட ஓட்டிப் பாருங்கள். அரங்கு நிறைந்த பிறகு திரையில் பூட்டுச் சின்னத்தை மட்டும் பார்த்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

முப்பது படம் வேண்டாம். நாளுக்கு மூன்று முழுநீளப் படம், ஒரு குறும்படத் தொகுப்பு. அதற்கு மேல் போட்டால் பேச நேரம் இருக்காது, இந்த மாதிரி விழாவுக்குப் பேச்சுதான் பாதி. பேச்சை நடத்துகிறவர் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி என்ற பெயரில் பத்து நிமிட உரை ஆற்றுபவரை நிறுத்தத் தெரிந்திருந்தால் போதும். நம்பிக்கையுள்ள ஒருவரையாவது, மதங்களைக் கல்விபூர்வமாகப் படித்தவராக இருந்தால் நல்லது, மேடைக்கு அழையுங்கள். அவரைத் தோற்கடிக்க அழைக்காதீர்கள். அது ஒரு தடவைதான் நடக்கும், அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள்.

கடைசியாக, பலரும் யோசிக்காமல் விடுகிற ஒன்று. உங்கள் பார்வையாளர்களில் சிலர், தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதை வீட்டில் சொல்லாதவர்களாக இருப்பார்கள். சிலருக்கு அது வெளியே தெரிந்தால் வேலை போகும், கல்யாணம் முறியும், சிலருக்கு அதைவிட மோசமாகவும் ஆகலாம். அதனால் அரங்குக்குள் புகைப்படமும் வீடியோவும் கூடாது என்று வாசலிலேயே எழுதிவைத்து, முகம் தெரியாமல் வர விரும்புகிறவர்களிடம் பெயர் கேட்காமல் சீட்டுக் கொடுங்கள். விழாப் படங்கள் வேண்டுமென்றால் மேடையை மட்டும், மேடையில் இருப்பவர்களின் சம்மதத்தோடு எடுங்கள். குறும்படம் அனுப்புகிற இயக்குநர்களிடமும் பெயரை அச்சிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் முன்பு சொன்ன அந்தப் பெண்மணி அன்று அரங்கின் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று படத்துக்கும் அதே இருக்கை. ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.